சன் வோல்ட்டின் 'ஹாங்கி டாங்க்': எளிமையா, சோம்பலா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6, 2024, சனி

சன் வோல்ட் என்ற அமெரிக்க கன்ட்ரி-ராக் குழுவின் 'ட்ரேஸ்' ஆல்பத்தை ஒரு மாதமாகத் தேயத் தேயக் கேட்டுவிட்டு, பாடுவது அதே ஜே ஃபரார்தானே என்ற நம்பிக்கையில் அவர்களுடைய 'ஹாங்கி டாங்க்' பக்கம் போனேன். பதினோரு பாட்டு. எனக்கு ஒரே பாட்டைப் பதினோரு தடவை கேட்ட மாதிரி இருந்தது. எலக்ட்ரிக் கிட்டார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது, டிரம்ஸ் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது, மனுஷன் பாதித் தூக்கத்தில் பாடுகிறார். இதைப் போய் எளிமை, முதிர்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள். எளிமை வேறு, சோம்பல் வேறு இல்லையா? யாராவது விளக்குங்கள். இல்லையென்றால் நான் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6, நள்ளிரவு

ஒப்புக்கொள்ள முடியாது. தூக்கம் வருகிறது, நாளைக்கு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: 'ட்ரேஸ்' கேட்ட காதோடு இதற்குள் போகாதீர்கள். பிரியாணி சாப்பிட்ட கையோடு தயிர்சாதத்தில் மசாலா இல்லை என்று புகார் சொல்கிற கதை இது.

ஜனவரி 7, ஞாயிறு காலை

முதலில் ஆளைப் பற்றி, தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால்.

ஜே ஃபரார், அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர். மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் செயின்ட் லூயிஸ் நகரம், கிழக்குப் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் பெல்வில். ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடார்ன் என்ற இரண்டு உள்ளூர்ப் பையன்களோடு சேர்ந்து 1987-ல் அங்கிள் டுபெலோ குழுவைத் தொடங்கினார். பங்க் இசையின் வேகத்தில், அமெரிக்கக் கிராமப்புறத்துப் பழைய கன்ட்ரி பாட்டைப் பாடும் கோஷ்டி. 1990-ல் வந்த முதல் ஆல்பம் 'நோ டிப்ரெஷன்'. பின்னால் ஒரு பத்திரிகை அந்தப் பேரை எடுத்து வைத்துக்கொண்டது, ஆல்ட்-கன்ட்ரி என்ற இந்தக் கலவை வகை மொத்தத்தையுமே சிலர் அந்தப் பேரால் கூப்பிட ஆரம்பித்தார்கள். 1994 மே 1, செயின்ட் லூயிஸின் மிசிசிப்பி நைட்ஸ் கிளப்பில் கடைசிக் கச்சேரி. ஃபராருக்கும் ட்வீடிக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ட்வீடி மிச்சமிருந்தவர்களை வைத்து வில்கோ ஆரம்பித்தார். ஃபரார் ஹைடார்னைத் திரும்பக் கூப்பிட்டு, மினியாபொலிஸிலிருந்து போக்விஸ்ட் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு சன் வோல்ட் ஆரம்பித்தார். 1994-ல் 'ட்ரேஸ்'.

'ஹாங்கி டாங்க்' வந்தது 2013 மார்ச் 5, ரவுண்டர் நிறுவனத்தில். ஃபராருக்கு அப்போது வயது 46. 2009-க்கு அப்புறம் சன் வோல்ட் பேரில் எதுவும் வராமல் இருந்தது. அந்த இடைவெளியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செயின்ட் லூயிஸில் கர்னல் ஃபோர்ட் என்ற உள்ளூர்க் குழுவில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் மேடை நடுவில் நின்று பாடியவர், ஓரமாக உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆல்பம் முழுக்க நீங்கள் கேட்பது அந்த வாசிப்பைத்தான்.

ஜனவரி 7, மாலை

இரண்டு திருத்தம்.

'ட்ரேஸ்' 1995 செப்டம்பர். 1994 என்று எழுதிவிட்டேன், அது குழு தொடங்கிய வருஷம்.

இரண்டாவது கொஞ்சம் பெரிய தப்பு. கடைசி வரியில் "அந்த வாசிப்பைத்தான்" என்று சரளமாக அடித்துவிட்டேன். சிடி உறையைத் தேடி எடுத்துப் பார்த்தால், பெடல் ஸ்டீல் மார்க் ஸ்பென்சரும் பிராட் சார்னோவும். வயலின் கேரி ஹன்ட், ஜஸ்டின் பிரானம், அதாவது இரட்டை வயலின். ஃபரார் தான் கற்றுக்கொண்ட வாத்தியத்தை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பாடப் போயிருக்கிறார். என் வாதம் இதனால் கெடவில்லை, இன்னும் பலப்படுகிறது என்றுதான் நினைக்கிறேன். தப்பு செய்தவன் எல்லாம் இப்படித்தான் சொல்வான், தெரியும்.

அந்த நாலு வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய நாட்டுப்பாடகர் உட்டி கத்ரி விட்டுப்போன வரிகளுக்கு வேறு மூன்று பேரோடு சேர்ந்து மெட்டுப்போட்ட 'நியூ மல்டிட்யூட்ஸ்' 2012-ல் வந்தது. அதையும் காலையில் விட்டுவிட்டேன்.

ஜனவரி 9

இந்த ஆல்பம் எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று கேட்டிருக்கிறீர்கள். கௌரவமான காரணம் இல்லை. சிடி மாட்டிக்கொண்டது.

2013 கடைசியில் ஒரு புராஜெக்டுக்காக செயின்ட் லூயிஸ் போனேன். ஊருக்குத் திரும்புகிற ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கார், டேஷ்போர்டில் சிடி பிளேயர். டெல்மார் லூப் பக்கம் ஒரு இசைத்தட்டுக் கடையில் 'உள்ளூர்க்காரர்கள்' என்று தனியாக ஒரு தட்டு இருந்தது, அதிலிருந்து எடுத்தது இது. முதல் தடவை கேட்டபோது நீங்கள் எழுதியிருப்பதையே நானும் நினைத்தேன், உங்கள் அளவுக்கு நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. வெளியே எடுக்க பட்டனை அழுத்தினேன். உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது, சிடி வரவில்லை. வண்டியைக் கிளப்பினால் முதல் பாட்டு, அணைத்தால் நிற்கும், மறுபடி கிளப்பினால் மறுபடி முதல் பாட்டு. வீட்டிலிருந்து ஆபீஸ் இருபத்தைந்து நிமிடம். ஆக முதல் ஏழு பாட்டு எனக்கு மனப்பாடம். கடைசி நாலையும் கேட்க வேண்டுமென்றால் டிராஃபிக் ஜாம் ஆக வேண்டும்.

அப்புறம் 2014 ஜனவரி முதல் வாரம் அந்தப் பெரிய பனி. போலார் வோர்டெக்ஸ் என்று டிவியில் சொல்லிச் சொல்லியே பயமுறுத்திய வாரம். ஒரே நாளில் முழங்கால் கிட்டத்தட்டப் புதையும் அளவுக்குக் கொட்டியது, அதன் மேல் குளிர். அபார்ட்மென்ட் வாசலில் கார் ஒரு வெள்ளை மேடாக நின்றது. பிளாஸ்டிக் சுரண்டியால் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, எஞ்சின் சூடாகட்டும் என்று உள்ளே உட்கார்ந்தேன். கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கேயும் போகாமல், முக்கால் மணி நேரம். அன்றைக்குத்தான் பதினோரு பாட்டையும் ஒரே மூச்சில் முழுதாகக் கேட்டேன். கடைசிப் பாட்டான 'ஷைன் ஆன்' முடியும்போது கண்ணாடி ஓரத்தில் பனி உருகி ஒரு கோடாக இறங்கியது. அந்தக் கோடு இறங்கும் வேகத்தில்தான் ஆல்பமும் போகிறது. அது சரியான வேகம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஜனவரி 9, பின்னிரவு

"அந்தக் காரில் ரேடியோவே இல்லையா?" என்று கேட்டவருக்கு: இருந்தது. ஒரு பட்டன் தள்ளித்தான் இருந்தது. மூன்று மாதம் அதை அழுத்தவில்லை. சிடி மாட்டிக்கொண்டதால் கேட்டேன் என்று பத்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை.

ஜனவரி 10

பெடல் ஸ்டீல் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தையல் மெஷின் முன்னால் உட்கார்கிற மாதிரி உட்கார வேண்டும். மேலே கிடைமட்டமாக ஒரு பலகை, பொதுவாகப் பத்துக் கம்பி. இடது கையில் உருண்டையான எஃகுத் துண்டு, அதைக் கம்பி மேல் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். வலது கையில் கட்டை விரலுக்கு ஒரு நகம், அடுத்த இரண்டு விரலுக்கு இரண்டு. கீழே இடது காலுக்கு மூன்று மிதி. இரண்டு முழங்காலுக்கும் பக்கத்தில் தள்ளுகிற நெம்புகோல்கள். வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தனி மிதி. ஈ9 என்ற சுருதி அமைப்பில் முதல் மிதி பி கம்பிகளை ஒரு முழுச் சுரம் ஏற்றும், இரண்டாவது மிதி ஜி ஷார்ப்பை அரைச் சுரம் ஏற்றும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால், கையை ஒரு இஞ்ச் நகர்த்தாமலே ஈ கார்டு ஏ கார்டாக மாறிவிடும். ஒரு கம்பி அசையாமல் நிற்க, பக்கத்துக் கம்பி மட்டும் வழுக்கி ஏறும். 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி'யில் பட் ஐசக்ஸ் இதைச் செய்தபோது, கேட்ட ஸ்டீல் வாத்தியக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்த் தங்கள் கிட்டாரில் மிதி பொருத்த ஆரம்பித்தார்கள் என்பார்கள். வலது கால் மிதியால் இன்னொரு தந்திரம் உண்டு. கம்பியை மீட்டும் கணத்தில் சத்தத்தை மூடிவைத்துவிட்டு அப்புறம் மெல்லத் திறந்தால், மீட்டியதே தெரியாது. எங்கிருந்தோ ஒரு ஓசை வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

நமக்குப் பக்கத்துச் சொந்தம் கோட்டுவாத்தியம். அதிலும் உருளையை வைத்துத் தேய்ப்பதுதான், வீணைக்கு இருக்கிற மெட்டுகள் கிடையாது, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உள்ள வழி முழுவதும் வாசிப்பவர் கையில்.

இப்போது ஃபராரின் குரல். கனமான குரல், இழுக்காது, உருளாது. கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் மாதிரி ஒரு சொல்லை நாலு மடிப்பாக மடித்து அழும் வேலை இவரிடம் கிடையாது. சுரத்தில் போய் நின்றுவிட்டு அடுத்த சுரத்துக்கு நடந்து போவார். நீங்கள் "தூக்கத்தில் பாடுகிறார்" என்றது இதைத்தான். நான் சொல்வது என்னவென்றால், இந்த ஆல்பத்தில் கமகம் எல்லாம் ஸ்டீலிலும் வயலினிலும் இருக்கிறது. குரல் அழாமல் நிற்கிறது, அழுகிற வேலை பக்கவாத்தியத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தானே அந்த ஓர நாற்காலியில் சில வருஷம் உட்கார்ந்து பார்த்தவர்தான் இப்படி ஒதுங்கிப் பாடுவார்.

மார்கழி முழுக்க சபா சபாவாக அலைந்துவிட்டு வந்ததால் இப்படி எழுதுகிறேன் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதனால்தான்.

ஜனவரி 13, சனி

கேள்வியில் உள்ள "எளிமை" என்ற சொல்லே எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. விமர்சனங்கள் 'எல்லாவற்றையும் உரித்துவிட்ட ஆல்பம்' என்கின்றன. எதை உரித்தார்கள்?

ஹாங்கி டாங்க் என்பது முதலில் ஒரு இடத்தின் பேர். தண்ணி, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி, நடனம், கைகலப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. டெக்சஸ் எண்ணெய் வயல்கள் பக்கம் மதுவிலக்கு போன பிறகு பெருகியவை. நம் டாஸ்மாக் பாரில் ஒரு வயலின்காரரும் வாடகைக்குக் கிடைப்பார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஓடுகிற பாட்டு அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும். பாடகர் எர்னஸ்ட் டப் 1941-ல் 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ'வில் எலக்ட்ரிக் கிட்டார் சேர்த்ததற்கே, சாதாரண கிட்டார் கடை இரைச்சலில் கேட்கவில்லை என்று ஜூக்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் குறைப்பட்டதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. ஆக, இந்த இசை பிறக்கும்போதே சத்தமான இசை, எளிமைக்காகப் பிறந்ததில்லை. ஃபரார் அதே வாத்தியங்களை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டத்தை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார். நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்த பிறகு, தரையைத் துடைக்கிறவருக்காக வாசிக்கிற மாதிரி.

உண்மையாகவே உரித்த ஆல்பம் வேண்டுமானால் அதே ஃபரார் இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கிறார். அங்கிள் டுபெலோவின் 'மார்ச் 16-20, 1992'. பேரே பதிவு செய்த தேதி. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதன்ஸில், ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரிப்பில், ஐந்து நாளில் முடித்தது. கிட்டத்தட்ட எல்லாம் அகூஸ்டிக், பாதிக்குப் பக்கம் பழைய நாட்டுப்பாட்டுகள். அதிலும் இதே சோகம் இருக்கிறது, ஆனால் அது இருபத்தைந்து வயதுப் பையன் கிழவன் வேஷம் போட்ட சோகம். நன்றாகத்தான் போட்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம், கனடாக் குழுவான கௌபாய் ஜங்கீஸின் 'த ட்ரினிட்டி செஷன்'. 1987 நவம்பர் 27, டொராண்டோவில் ஒரு தேவாலயம், ஒரே ஒரு மைக், சுற்றி ஆட்கள். யார் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதுதான் மிக்ஸிங். பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரல் மட்டும் ஒரு ஸ்பீக்கர் வழியாக வந்து அந்த மைக்கில் விழுகிறது. அங்கே கட்டடமே ஒரு வாத்தியம். 'ஹாங்கி டாங்க்' அப்படி இல்லை, ஸ்டுடியோவில் ஒழுங்காகச் செய்தது, மைக்கும் ஒன்றுக்கு மேல்.

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறேன், வந்து பார்க்கலாம்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல், மதுரையிலிருந்து

போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா எழுபதுகளில் இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தவர். மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் தேய்க்கிற அதே குடும்பம். ஹவாயில் பிறந்து ஒரு பக்கம் டெக்சஸுக்கும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கும் போனது, இன்னொரு பக்கம் கல்கத்தா வழியாக நம் சினிமாப் பாட்டுக்குள்ளும் மெல்லிசை மேடைக்கும் வந்தது. மாமா வாசிப்பதை விட்டு நாற்பது வருஷம் இருக்கும். நேற்று சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, முதல் பாட்டு 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' தொடங்கி ஆல்பத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன், இடது கை மட்டும் வேட்டி மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டில்தான் வாய் திறந்தார். "பாடுறவன் வரியோட கடைசில நிப்பாட்டிட்டுப் பேசாம இருக்கான் பாத்தியா மாப்ளே. அவன் இழுத்தா இவனுக்கு வேலை இல்ல."

கமகம், அழுகை என்றெல்லாம் நான் நீட்டி முழக்கியதை இவர் வேறு இடத்தில் பிடித்துவிட்டார். குரல் நேராக இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வரி முடிகிற இடம் காலியாக விடப்படுவதுதான் விஷயம். இன்று காலை அந்தக் காதோடு மறுபடி கேட்டேன். வரியின் கடைசிச் சொல்லை ஃபரார் குறுக்கிவிடுகிறார், அந்த இடத்தில் ஸ்டீல் உள்ளே வருகிறது. 'ட்ரேஸ்' காலத்தில் அதே இடத்தைக் குரலாலேயே நிரப்பியிருப்பார். பத்து வருஷமாகக் கேட்கிறேன், இது என் காதில் படவே இல்லை.

ஜனவரி 16, இரவு

முழுக்கதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மோசடி. ஆறாவது பாட்டில் மாமா கண்ணைத் திறந்து, "இதையே எத்தனை தடவைடா போடுவ?" என்றார். பாட்டு மாறி மாறித்தான் ஓடுகிறது மாமா என்றேன். "அப்படியா" என்று எழுந்து கரும்பு வெட்டப் போய்விட்டார்.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு மதுரையில் ஒரு ஆதரவாளர் கிடைத்திருக்கிறார்.

ஜனவரி 21, ஞாயிறு

ஒரு வாரம் யோசித்தேன். பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டுகளின் பேரை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'டவுன் த ஹைவே', 'டியர்ஸ் ஆஃப் சேஞ்ச்', 'ஏஞ்சல் ஆஃப் த ப்ளூஸ்', 'ஒயில்ட் சைட்'. நெடுஞ்சாலை, கண்ணீர், தேவதை. ஜூக்பாக்ஸில் ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி இருக்கிறது. 'ட்ரேஸ்' பாட்டுகளில் ஒரு ஊர் இருக்கும், ஒரு வெள்ளம் இருக்கும், செயின்ட் ஜெனவீவ் என்ற பழைய ஆற்றங்கரை ஊரின் பேர் வரும். இங்கே பெரும்பாலும் பொதுச் சொற்கள். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் என்று வாதாடலாம். ஹாங்கி டாங்க் பாட்டு என்றாலே பழகிய சொற்களை மறுபடி அடுக்குவதுதான், புதுச் சொல்லுக்கு அங்கே வேலை கிடையாது. ஆனால் பழைய ஆட்கள் அந்தப் பழகிய சொற்களுக்குள் ஒரு குசும்பு வைத்திருப்பார்கள். விவாகரத்துப் பாட்டில்கூட ஒரு சிரிப்பு இருக்கும். ஃபராருக்குச் சிரிப்பு வராது. முப்பது வருஷமாகவே வரவில்லை. அவர் சிரிக்கிற மாதிரி ஒரு புகைப்படம்கூட நான் பார்த்ததில்லை, இருந்தால் ஒட்டுங்கள்.

தாளம் மாறவில்லை என்ற புகாரும் இரண்டாம் பாதிக்குப் பொருந்தும். 'சீவால்', 'பேரிகேட்ஸ்' இரண்டையும் கேட்டு முடித்த அடுத்த நிமிடம் எது எது என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். அலுவலகம் போகிற வழியில் அவை வரவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

சோம்பல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பேறி நாற்பதைத் தாண்டிய வயதில் பெடல் ஸ்டீல் கற்க மாட்டான்.

ஜனவரி 28

"இது பேக்கர்ஸ்ஃபீல்டு பாணி ஆல்பம், அதைச் சொல்லாமல் இவ்வளவு எழுதினால் எப்படி" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். சரி.

1930-களின் புழுதிப் புயல் காலத்தில் ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கமிருந்து பிழைப்புத் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போனவர்கள் பருத்தி வயலிலும் எண்ணெய்க் கிணற்றிலும் வேலை பார்த்த ஊர் பேக்கர்ஸ்ஃபீல்டு. பக் ஓவன்ஸ் அங்கே பார்களில் வாசித்து மேலே வந்தவர். மெர்ல் ஹேகர்டு 1937-ல் அதன் பக்கத்திலேயே, சரக்கு ரயில் பெட்டியை வீடாக மாற்றிய இடத்தில் பிறந்தவர். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் நாஷ்வில் வயலின் கூட்டமும் கோரஸும் வைத்துப் பாட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரை ஊசி மாதிரிக் கூர்மையாக வைத்து வாசித்தார்கள். ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில்கூடக் குத்தும்.

ஆல்பத்தில் 'பேக்கர்ஸ்ஃபீல்டு' என்று ஒரு பாட்டே இருக்கிறது. அந்தப் பேரைப் பார்த்துவிட்டு எல்லோரும் மொத்த ஆல்பத்துக்கும் அந்த முத்திரையைக் குத்திவிட்டார்கள் என்பது என் சந்தேகம். அந்த ஊர்ப் பாட்டில் ஒரு துள்ளல் உண்டு, முதல் விநாடியிலேயே காலைத் தட்ட வைக்கும். ஃபரார் காலைத் தட்ட விடுவதில்லை. வாத்தியம் அங்கிருந்து வந்திருக்கலாம், நடை பெல்வில்தான்.

பெல்வில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2014 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மெட்ரோலிங்க் ரயிலில் அங்கே போனேன். ஆற்றைக் கடந்து ஈஸ்ட் செயின்ட் லூயிஸின் காலி மனைகளைத் தாண்டிப் போகும். எதிர்பார்த்தது என்னவோ. இருந்தது செங்கல். ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய ஊர், தெருவை ஒட்டியே சின்னச் சின்னச் செங்கல் வீடுகள், ஊர் நடுவில் ஒரு ரவுண்டானா, அதில் ஒரு நீரூற்று. இந்தக் குழுவைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஒரு பேக்கரியில் காபி குடித்துக்கொண்டே ஆல்பத்தின் 'பிரிக் வால்ஸ்', அதாவது செங்கல் சுவர்கள், கேட்டேன். அந்தப் பாட்டுக்கும் இந்தச் சுவர்களுக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் கேட்டேன்.

ஃபராரின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், அக்கார்டியன் வாசிப்பார். அம்மாதான் இவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தது. அப்பாவைப் பற்றிய கதைகள் நிறைய உள்ள இவருடைய புத்தகமும் அதே 2013-ல் வந்தது. ஆக, அந்த வருஷம் இரண்டு கையாலும் வீட்டுப் பரணைத்தான் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

மிசிசிப்பி நைட்ஸைத் தேடிப் போகாதீர்கள். 2007-ல் மூடி, இடித்தும்விட்டார்கள்.

பிப்ரவரி 11

வில்கோ ரசிகர் ஒருவர் வந்து, ட்வீடிதான் பெரிய ஆள், ஃபரார் தேங்கிப் போனவர் என்று சண்டைக்கு நிற்கிறார். அந்தச் சண்டை 1994-லிருந்து நடக்கிறது, நாம் இங்கே முடித்துவைக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். எவ்வளவோ தூரம் சுற்றிவிட்டு ட்வீடியும் 2022-ல் 'க்ரூயல் கன்ட்ரி' என்று 21 பாட்டோடு ஒரு இரட்டை ஆல்பம் போட்டு, பேரிலேயே கன்ட்ரி என்று எழுதிவிட்டார். ஒரே ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், ஒன்பது வருஷ இடைவெளியில், தனித்தனியாக, ஒரே வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே பார்த்துக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் "சரி, எப்படித்தான் கேட்பது, அதையாவது சொல்லுங்கள்" என்கிறார். முதல் மூன்று பாட்டு போதும். ஹெட்போன் வேண்டாம், அறையில் ஓட விடுங்கள், கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், வெங்காயம் உரிப்பது மாதிரி. வரி முடிகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மறுநாள் அடுத்த மூன்று. மொத்தமாகக் கேட்பதற்குப் பனிப்புயல் வேண்டும்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'ஒயில்ட் சைட்' மட்டும் பிடித்திருக்கிறது, மற்றதெல்லாம் இன்னும் ஒரே பாட்டுதான் என்று எழுதியிருக்கிறார். பதினொன்றில் ஒன்று. இரண்டு மாதத்துக்கு அது நல்ல வேகம்தான், அந்த ஆல்பத்தின் வேகம்.

இன்றைக்கு அது வெளிவந்து பதினோரு வருஷம் என்று தேதியைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

காலையில் அத்தை போன் செய்தார். மாமா நாலு நாளாகப் பரணில் ஏறி எதையோ தேடிக்கொண்டிருக்கிறாராம், இந்த வயதில் ஏணி வேண்டாம் என்றால் கேட்கவில்லையாம். கிட்டார் பெட்டி கிடைத்துவிட்டது, சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார். அந்த இரும்புத் துண்டு உள்ளே இருக்கிறதா என்று நான் கேட்டேன். அது எப்பவோ அம்மிக்குப் பக்கத்தில் பாக்கு இடிக்கப் போய்விட்டது என்றார் அத்தை.